மூன்று மணி நேரக் களைப்பு யாருடையது?

அளவுகோல்:
அகமுகிகளுக்கு, அதாவது தனிமையை நாடும் இயல்பினருக்கு, கூட்டத்தில் பேட்டரி இறங்கும், புறமுகிகளுக்கு, அதாவது பிறரோடு கலகலப்பாகப் பழகும் இயல்பினருக்கு, அதே கூட்டத்தில் பேட்டரி ஏறும் என்று தனிமரம் நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. லெய்காஸ், இல்மாரினென் என்ற பின்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 48 மாணவர்கள் 12 நாள்கள், நாளொன்றுக்கு ஐந்து முறை தங்கள் நடத்தையையும் மனநிலையையும் பதிவு செய்தார்கள். கலகலப்பாகப் பழகிய வேளையில் உற்சாகமும், ஏறத்தாழ மூன்று மணி நேரம் கழித்துக் களைப்பும் தெரிந்தன. இயல்பிலேயே புறமுகிகளாக இருந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆகவே, களைப்பைத் தங்கள் தனிச்சொத்தாகப் பட்டா போட்டுக்கொள்ள வேண்டாம்.

தனிமரம்:
மூன்று மணி நேரமா? அறிமுகமில்லாத இருபது பேர் நடுவே அரை மணி நேரம் நின்றாலே, அலைபேசியில் அழைப்பு வந்ததுபோல் நடித்து வெளியேறுகிறவன் நான். என் களைப்பு பின்லாந்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. உளவியலாளர் ஐசென்க் 1967இலேயே, அகமுகிகளின் மூளைப் புறணி (மூளையின் வெளி அடுக்கு) இயல்பாகவே கூடுதல் விழிப்புநிலையில் இருப்பதாகவும், அதனால் வெளித்தூண்டல் அவர்களுக்கு விரைவில் மிகையாகிவிடுவதாகவும் விளக்கிவிட்டார்.

அளவுகோல்:
ஐசென்க் பேசியது தூண்டலைப் பற்றி. நாவில் எலுமிச்சைச் சாறு விட்டால் அகமுகிகளுக்கு உமிழ்நீர் அதிகம் சுரக்கிறது என்ற சோதனையும் அவர் வழியில் வந்ததுதான். உமிழ்நீரை அளந்தால் உரையாடலின் களைப்பு தெரிந்துவிடுமா? மூன்று மணி நேரம் என்பதற்குத் தாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

மணிக்கூண்டு:
அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று யாருமே கேட்கவில்லையே! ஒரு நாளில் ஐந்து முறை கேள்வித்தாள் போனால், இரண்டு பதிவுகளுக்கு இடையே ஏறத்தாழ அவ்வளவு நேரம்தான் கிடைக்கும். களைப்பு ஒன்றரை மணி நேரத்தில் வந்து போயிருந்தாலும் அந்த வலையில் சிக்கியிராது. வலையின் கண்ணை அளந்துவிட்டு மீனின் நீளம் இதுதான் என்கிறார் அளவுகோல்.

அளவுகோல்:
"ஏறத்தாழ" என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டு என்னைத் திருத்த வருகிறீர்கள். கூச்சமும் அகமுகத் தன்மையும் ஒன்றே என்று சென்ற மாதம் அடம்பிடித்தவர் தாங்கள்தான் என்பதையும் நான் மறக்கவில்லை.

மணிக்கூண்டு:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம் என்றேன். தங்கள் நினைவாற்றலும் மூன்று மணி நேரம்தான் தாங்குகிறது போலும்.

சபைக்குரல்:
புறமுகி என்ற முறையில் சொல்கிறேன்: நண்பர்களை வழியனுப்பி வீட்டுக்குள் வந்த பின் நான் சுருண்டு படுப்பதை எவரும் பார்ப்பதில்லை, எனவே, எனக்குக் களைப்பே கிடையாது என்று முடிவு கட்டி, அடுத்த நாளும் பேச அழைக்கிறார்கள். தனிமரத்துக்கு "ஓய்வெடுத்துக்கொள்" என்கிறார்கள், எனக்கு "உனக்கு என்ன வந்தது?" என்கிறார்கள். போகட்டும், "அகமுகி" என்பதே காதுக்கு உறுத்துகிறது. "உள்முகர்" என்று எழுதக் கூடாதா?

தனிமரம்:
அகமுகி என்று என்னை அழைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. புறமுகிகள் எங்கள் பெயரையும் தங்கள் விருப்பப்படி மாற்றத் துணிந்துவிட்டார்கள்.

அளவுகோல்:
பெயரை விடுங்கள். 1921இல் இச்சொற்களுக்கு உளவியலில் இடம் பிடித்துக் கொடுத்த உளவியலாளர் யுங், மன ஆற்றல் எத்திசையில் செல்கிறது என்றுதான் பேசினார். அது உள்நோக்கியா வெளிநோக்கியா என்பதே அவருடைய கேள்வி. மாலைக்குள் தீர்ந்துபோகும் இருப்பைப் பற்றி அவர் கணக்கு எழுதவில்லை. பேட்டரியைக் கொண்டுவந்து பொருத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

மணிக்கூண்டு:
யுங் வந்துவிட்டார், மூன்று மணி நேரம் மெல்ல நழுவிவிட்டது.

அளவுகோல்:
நழுவவில்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் என்றேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். வேறு இடைவெளியில் அளந்த ஆய்வு தங்களிடம் இருந்தால் காட்டுங்கள்.

தனிமரம்:
எனக்கு அரை மணி நேரம்தான்.