வண்டி ஓட்டிய அண்ணன்மார்: வாடகைக் காரில் ஊர் பார்த்த அனுபவங்கள்

கொத்தமங்கலத்துப் பேத்தி:

வாடகைக் கார் பிடித்து ஊர் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பீர்கள். எந்தக் கோயில், எந்த அரண்மனை, எங்கே சாப்பாடு என்றெல்லாம் சொல்கிறோம். கூட்டிப் போனவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. எனக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாறு வருடமாக மனசிலேயே கிடக்கிறது.

2019 ஜனவரியில் அப்பச்சியை ரங்கூனுக்குக் கூட்டிப் போனேன். எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம். திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் மாறி இறங்கினோம். அப்பச்சிக்கு அப்போது 77 வயது. எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார்கள் தங்கித் தொழில் நடத்திய ஒரு கிட்டங்கியில் மேலாளாக இருந்தவர். மூன்று வருடக் கணக்கு முடித்து ஊருக்கு வருவார், திரும்பக் கப்பல் ஏறுவார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அதற்கப்புறம் கப்பலும் இல்லை, கணக்கும் இல்லை, நடந்தே வந்து சேர்ந்தார். அப்பச்சி கொத்தமங்கலத்தில் பிறந்து கொத்தமங்கலத்தில் வளர்ந்தவர். எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், தூண், நிலை, உத்தரம் எல்லாமே பர்மாத் தேக்கு. பார்க்காத ஊரின் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தே எழுபது வருடம் கழித்த மனிதர்.

தங்கிய இடத்தில் ஏற்பாடு செய்து கொடுத்த முதல் வண்டி சரியாக அமையவில்லை. ஓட்டியவர் நல்லவர்தான், ஆனால் அப்பச்சி கேட்பது அவருக்குப் புரியவில்லை. மறுநாள் காலையில் அனவ்ரதா சாலையிலுள்ள காளியம்மன் கோயிலுக்குப் போனோம். தமிழர்கள் 1871-இல் கட்டிய கோயில். வாசலில் பூ விற்ற அம்மாவிடம், தமிழ் பேசுகிற ஓட்டுநர் யாராவது கிடைப்பார்களா என்று கேட்டேன். அந்தம்மா கூடையை அப்படியே வைத்துவிட்டு எதிர்ச்சாரியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, கைலி, வாயில் வெற்றிலையோடு அறுபது வயதுக்காரர் ஒருவர் வந்தார். "வாங்கய்யா, எந்த ஊரு?" என்றார். அப்பச்சியின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

அங்கே வண்டியெல்லாம் சாலையின் வலது பக்கம் போகும். 1970-இல் மாற்றினார்களாம். ஆனால் வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானில் ஓடிப் பழசானவை, ஸ்டீயரிங்கும் வலது பக்கமே. முந்துகிறபோது எதிரே வருவது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அண்ணன் என்னை முன்னால் இடது பக்கம் உட்கார வைத்து, "பார்த்துச் சொல்லும்மா" என்றார். இரண்டு நாளும் நான்தான் அவருக்கு இன்னொரு கண். வண்டியைக் கிளப்பினால் முன்பலகையில் ஒரு பெண் குரல் ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லும். "பதினோரு வருஷமா பேசுது, இன்னும் என்ன சொல்லுதுன்னு தெரியல" என்று சிரித்தார்.

சுவேடகோன் பகோடாவுக்கு நாங்கள் உச்சிவேளையில் கிளம்பினோம். அவர் விடவில்லை. மேலே முழுக்கப் பளிங்குத் தரை, செருப்பும் கூடாது, காலுறையும் கூடாது, ஐயா கால் வெந்துபோகும் என்றார். பொழுது சாய லிஃப்ட் இருக்கும் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அப்பச்சியின் முழங்கால்வலியை நான் அவரிடம் சொல்லவே இல்லை. வண்டியில் ஏறி இறங்குவதைப் பார்த்தே புரிந்துகொண்டார். கிட்டத்தட்ட 99 மீட்டர் உயரத்துக்குப் பொன்னாக நிற்கும் அந்தக் கோபுரத்தை அந்திவெயிலில் பார்த்துக்கொண்டு அப்பச்சி ஒன்றும் பேசாமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை.

மொகல் தெருவுக்கு இப்போது சுவே போந்தா தெரு என்று பெயர். எங்களிடம் கதவு எண் கிடையாது. மாடியில் இரும்புக் கிராதி, உள்ளே நேர்ப்படிக்கட்டு என்று ஐயா சொன்னது மட்டும்தான் அப்பச்சிக்கு ஞாபகம். அண்ணன் அந்த நெரிசலில் தெருவை மூன்று முறை வலம் வந்தார். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, நாங்கள் இரண்டு பக்கமும் பார்க்கட்டும் என்று ஊர்ந்தே ஓட்டினார். பிறகு டீக்கடையில் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம் பர்மிய மொழியில் என்னவோ விசாரித்து வந்து, ஒரு கட்டடத்தின் முன் இறக்கிவிட்டார். கீழே கடைகள், மேலே குடித்தனம். அதுதான் என்று சத்தியம் செய்ய ஆள் இல்லை. அப்பச்சி படிக்கட்டுக் கைப்பிடியை மேலும் கீழும் தடவினார். "நம்ம வீட்டு மரந்தான் இது" என்றார். எனக்கு அது போதும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் கணக்கு முடித்துப் பணம் கொடுத்தபோது, அண்ணன் வண்டியின் வெயில் மறைப்புக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு தபால் அட்டை. 1961-இல் புதுவயல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவருடைய அப்பாவுக்கு வந்தது. அண்ணனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அறுபதுகளில் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அவர் வயசுப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு இல்லாமல் போய்விட்டது. தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம் காட்டியிருக்கிறார். எழுத்து மங்கல், நடுநடுவே தமிழ் எண்கள், பாதிதான் படிக்க முடிந்ததாம்.

அப்பச்சிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. பேரேடு பார்த்து வளர்ந்தவர் அல்லவா. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காரின் முன்விளக்கு வெளிச்சத்தில் பிடித்து வாய்விட்டுப் படித்தார். பிள்ளையார் சுழி. நலம், நலமறிய ஆவல். அனுப்பிய ௨௫ ரூபாய் வந்தது. ஐப்பசியில் நல்ல மழை, ஊரணி நிறைந்து கலுங்கு போகிறது. காரிப்பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. வருகிற பொங்கலுக்காவது வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ.

அண்ணன் திரும்பப் படிக்கச் சொன்னார். அப்பச்சி படித்தார். மூன்றாவது தடவை படித்தபோது அண்ணனும் கூடவே சொன்னார்.

அப்பச்சி போன வருடம் காலமானார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.


மதுரை மருமகன்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி, அதையும் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். பெண் எடுத்தது தேவகோட்டையில் என்றாலும் செட்டிநாட்டை முழுசாகப் பார்த்ததில்லை. ஒரு டிராவல்ஸில் ஒரு நாள் வண்டி சொன்னேன். வந்த பையன் இந்தப் பக்கத்துக்கே புதுசு. ஒன்பதரைக்குக் கிளம்பி, அவன் சொன்ன கடையில் டிபன், அவன் சொன்ன இன்னொரு கடையில் பழம்பொருள் பார்த்து, பிள்ளையார்பட்டி போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியாயிற்று. நாலு மணிக்குத்தான் இனித் திறப்பார்கள் என்றார்கள். கற்பக விநாயகரைப் பார்க்காமலே குன்றக்குடி, அங்கேயும் அதே கதை. பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கமிஷனுக்கு எந்தக் கடையில் நிறுத்தவேண்டும் என்று சொல்லி அனுப்பிய இடம், கோயில் எப்போது சாத்தும் என்று சொல்லி அனுப்பவில்லை. அதுதான் கோபம்.


காரைக்குடி வண்டிக்காரர்:

இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன். அம்பாசிடரில் ஆரம்பித்தது. மருமகன் சொன்னதைக் கேட்டு வருத்தமாக இருக்கிறது. எங்கள் ஊர்ப் பாதைக்கு ஒரு முறை இருக்கிறது. பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் விடியலிலேயே முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் வீடுகளுக்குள் போய்விடலாம், வளவில் எப்போதும் குளுமை. ஆத்தங்குடிக் கல் போடும் இடத்துக்கு வேலை நடக்கிற நேரத்தில் போகவேண்டும். திருமயம் கோட்டை சாயங்காலம். 1687-இல் சேதுபதி கட்டியது. உச்சிப் பாறையில் நின்றால் காற்று ஆளைத் தூக்கும்.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி ஒன்று. நிறையப் பேர் ஐந்து நிமிடம் படம் எடுத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஒரு கல் போடுவதை முழுதாகப் பாருங்கள் என்று நான் வண்டிச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சுச் சட்டம். கரண்டியால் ஒவ்வொரு கட்டத்துக்கும் சாயச் சிமெண்டை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் நிறம் ஒன்றோடொன்று ஓடாமல் பூவாக நிற்கும். மேலே உலர்ந்த சிமெண்டு மணல் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு அமுக்குவார்கள். தண்ணீர்த் தொட்டியில் கிடந்து, வெயிலில் காய்ந்து, கடைசியில் கண்ணாடியை விட்டு விலகி வரும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. தேய்த்துப் பாலீஷ் போட்டது இல்லை.

நீங்கள் எல்லாம் பூட்டிய வீடு என்று சொல்லிப் போகிறீர்களே, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்கு இருபது முப்பது புள்ளிகள், அதாவது கல்யாணமான குடும்பங்கள், பங்கு. சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் எல்லாரும் வந்து திறப்பார்கள். மற்ற நாளில் சாவி காவல் பார்ப்பவர் இடுப்பில். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிற வீடுகள் சில உண்டு, அவற்றைத் தாராளமாகப் பாருங்கள். மற்ற வீட்டுத் திண்ணையில் அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது.

நாலு வருடத்துக்கு முன் மலேசியாவிலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள். அம்மா பிறந்த வீட்டைத் தேடி. கையில் இருந்தது வீட்டு விலாசம், அதாவது குடும்பத்தின் முன்னெழுத்து, மூன்று எழுத்து மட்டும். ஊர் பலவான்குடியா பள்ளத்தூரா என்றுகூடச் சரியாகத் தெரியாது. நான் கூகுள் பார்க்கவில்லை, தபால்காரரைப் பார்த்தேன். மூன்று ஊர் அலைந்து, பழைய தபால்காரர் ஒருவர் "அந்த விலாசம் கோயில் பின்தெருவுல்ல" என்று சொன்னார். காவல்காரப் பெரியவர் ஒரு சாண் நீளச் சாவியைக் கொண்டுவந்து திறந்தார். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி, சாமான் அறையில் பித்தளை அண்டாக்கள். ஆச்சி ஒன்றைத் திருப்பினார்கள். விளிம்பில் அவர்கள் அம்மா பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீர் அது. முந்தானையால் அந்த எழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு மதியம் அந்த ஆச்சி தன் பக்கத்திலேயே எனக்கும் இலை போடச் சொன்னார்கள். சில இடத்தில் டிரைவருக்கு வண்டி நிறுத்துமிடத்தில் பொட்டலம் வரும். பேட்டாவைவிட அந்த இலை எனக்குப் பெரிசு.

கொத்தமங்கலத்து அம்மா, அந்த அட்டையில் இருந்த ஊர்ப் பெயரை எனக்குத் தனியாகச் சொல்ல முடியுமா? புதுவயல் எனக்குப் பக்கம்தான்.


பள்ளத்தூர் மூத்தவள்:

நான் சுருக்கமாகச் சொல்கிறேன், கண் சரியில்லை. மகன் சென்னையில் வண்டி பிடித்துக் கொடுத்து, ஒரு நாள் முழுக்க ஊர் பாரும்மா என்றான். கபாலீசுவரர் கோயில், சாந்தோம், மெரினா எல்லாம் பார்த்தாயிற்று. ஓட்டிய தம்பி, "ஆச்சி, உங்க மனசுல என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க" என்று கேட்டது. எங்கள் அப்பத்தா பர்மா கதை சொல்லும்போதெல்லாம் அந்த ஊர் நூடுல்ஸைச் சொல்லும். பர்மா பஜாரில் அதை அத்தோ என்று விற்கிறார்களாமே என்றேன். அங்கே வண்டி நிறுத்த இடமே கிடையாது. தம்பி என்னைக் கடைக்காரரிடம் ஒப்படைத்து, முக்காலி கேட்டு வாங்கி உட்கார வைத்துவிட்டு, பாரிமுனையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கண்ணாடியை இறக்கி "ஆச்சா ஆச்சி?" என்று கேட்கும். பர்மாவிலிருந்து வந்தவர்கள் 1969-இல் போட்ட கடைவீதி அது. புளித்தண்ணியும் பொரித்த வெங்காயமும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுத்தார்கள். அப்பத்தா சொன்ன ருசிதானா என்று எனக்கு எப்படித் தெரியும். தம்பிக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டேன்.


கொத்தமங்கலத்துப் பேத்தி:

அண்ணே, ஊர்ப் பெயரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ரங்கூன் அண்ணனின் எண்ணுக்குப் பேசினேன், மூன்றாவது நாள்தான் கிடைத்தது. கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய தாத்தா பெயரும் அதில் இருக்கிறது.


காரைக்குடி வண்டிக்காரர்:

இன்றைக்கு மதியம் சவாரி இல்லை, போய்விட்டு வந்தேன். மொத்தம் ஐம்பது அறுபது வீடுகள்தான். அந்தப் பெயரைச் சொன்னதும் இரண்டு பெரியவர்கள் யோசித்தார்கள். ஒருவருக்கு அப்படி ஒரு குடும்பம் பர்மா போனதாகக் கேட்ட ஞாபகம் இருக்கிறது. வீடு எதுவென்று தெரியவில்லை. அவருடைய அக்கா பக்கத்து ஊரில் இருக்கிறாராம், தொண்ணூறு வயது, நல்ல நினைவு. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன்.

ஊரணி இருக்கிறது. படித்துறையில் இரண்டு கல் பெயர்ந்திருக்கிறது, மற்றபடி சுத்தமாக வைத்திருக்கிறார்கள். மழை பெய்து முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, கலுங்கு இன்னும் போகவில்லை. கரையில் நின்று நாலு படம் எடுத்தேன். பொழுது சாய்ந்துவிட்டதால் கொஞ்சம் இருட்டு. காலையில் இன்னொரு தடவை போய் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புகிறேன், இந்த இருட்டுப் படங்களை ரங்கூனுக்கு அனுப்ப வேண்டாம்.