அறிஞரின் படிப்பறை: வரலாற்று நாவலில் அது துறவுக்கு அடையாளமா?

வாசகி_தேன்மொழி:
மெழுகுவர்த்தி, மண்டையோடு, சாத்திய கதவு. வரலாற்று நாவலில் அறிஞன் உலகத்தை விட்டு ஒதுங்கியவன் என்று காட்ட இவை போதும் என்பது என் கட்சி. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மான்டெய்னையே எடுங்கள். 1571-ல், 38 வயதில், போர்தோ நகர நீதிமன்றப் பதவியை விட்டுவிட்டுத் தன் கோபுரத்துக்குள் போகிறார். வெளியே கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் வெட்டிக்கொள்கிறார்கள். உள்ளே உத்தரமெல்லாம் கிரேக்க, லத்தீன் வாசகங்கள். இதைவிட நல்ல குறியீடு எங்கே கிடைக்கும்?

பனையோலை:
அவர் அந்த அறையைப் பற்றி என்ன எழுதினார் என்று பார்த்தீர்களா? அது நுழைவாயிலுக்கு நேர் மேலே இருக்கிறது. ஜன்னலில் தோட்டம், கோழி முற்றம், வீட்டின் பெரும்பகுதி எல்லாம் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்களை வேலை வாங்கலாம். துறவியா இவர், பண்ணையாரா? வளைந்த சுவரை ஒட்டி ஐந்தடுக்கில் சுமார் ஆயிரம் புத்தகங்கள். அவற்றில் ஒரு பங்கு, 1563-ல் இறந்த நண்பர் லா போயசி விட்டுப்போனது. சாவைக் காட்ட மண்டையோடு எதற்கு? அந்த அடுக்கைக் காட்டினால் ஆயிற்று.

குளிர்காற்று:
மெழுகுவர்த்தியையும் எடுத்துவிடுங்கள். இரவில் அங்கே இருப்பதே இல்லை என்கிறார் மனிதர்! மேட்டு வீடு, காற்று அறையும் அறை. குளிர்காலத்தில் அதிகம் தங்கமாட்டார். கணப்பு மூட்ட வசதியாகப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. நள்ளிரவில் பனி கொட்டக் கொட்ட எழுதும் காட்சியெல்லாம் சினிமாவுக்குத்தான்.

வாசகி_தேன்மொழி:
சரி, பகலில் எழுதட்டும். ஆனால் அதே பக்கத்தில்தான், மனைவி, மக்கள், ஊர் யாருக்கும் பங்கில்லாத மூலை இது ஒன்றுதான் என்கிற பொருளில் சொல்கிறார். கோழியைக் காட்டி இதை மறைக்காதீர்கள். நாவல் எழுதுகிறவர் வீட்டுச் சாமான் கணக்கா எடுக்க வேண்டும்?

பனையோலை:
மறைக்கவில்லை. ஒதுங்க நினைத்தார், முடியவில்லை. 1581-ல் போர்தோ மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள், போய்விட்டார். உள்நாட்டுப் போர் நடக்கும்போதும் வீட்டுக்கு அரண் கட்டவில்லை. வழக்கத்துக்கு ஒரு வாசற்காவலன், அவனும் தடுப்பதற்கில்லை, மரியாதையாக வரவேற்பதற்கு. கீழே திறந்த வாசல், மேலே எழுதுகிறவன். நான் எழுதினால் அந்தப் படத்தைத்தான் எழுதுவேன்.

வாசகி_தேன்மொழி:
எழுதுங்கள். ஆனால் யாரோ ஒரு வீரன் நுழையலாம், மனைவி பிரான்சுவாஸ் மட்டும் படியேறக் கூடாதா? உங்கள் திறந்த வாசல் அவளுக்கு எந்தப் பக்கம் திறக்கிறது?