புதுப்பிப்பு: டி புருய்னே விற்பனை, என் பழைய பதிவு

போன வாரம் நம் இங்கிலாந்துக் கால்பந்து கிளப் செல்சியைப் பற்றி, "2014 ஜனவரியில் நடுக்கள வீரர் கெவின் டி புருய்னேவை ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் கிளப்புக்கு விற்றதுதான் செல்சி செய்த மிகப் பெரிய தப்பு" என்று எழுதியிருந்தேன். நீங்கள் போட்ட பதில்களை ஒன்றுவிடாமல் படித்தேன். பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

"அதே மாதம் யார் வந்தார், பாருங்கள்" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வந்தது நடுக்கள வீரர் மாட்டிச். 2011-இல் தற்காப்பு வீரர் டேவிட் லூயிஸை வாங்கியபோது, அதற்கு ஈடாக நாமே போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்புக்குக் கொடுத்த அதே மாட்டிச், சுமார் 2.1 கோடி பவுண்டுக்குத் திரும்பினார். நடுக்களத்தில் அவர் நின்ற பிறகுதான் தற்காப்பு இறுகியது. அடுத்த கோடையில் நடுக்கள வீரர் ஃபாப்ரிகாஸ், முன்கள வீரர் டியேகோ கோஸ்டா வந்தார்கள். 2014-15 பிரீமியர் லீக் பட்டம் நம் கையில். அந்த சீசனில் டி புருய்னே இல்லாத குறை எனக்கே தெரியவில்லை, இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் மீதிப் பாதியை விடமாட்டேன். 22 வயதுப் பையனுக்கு வரிசையாக ஆட இடம் கொடுக்காமலே முடிவெடுத்தார்கள். பின்னால் மான்செஸ்டர் சிட்டிக்குப் போய் ஆறு லீக் பட்டம் வென்றார். முன்கள வீரர் முகமது சலாவுக்கும் இதே கதிதான்: அதே ஜனவரியில் வாங்கி, ஃபியோரென்டினா, ரோமா என்று இத்தாலிய கிளப்புகளுக்குக் கடனாக அனுப்பி, கடைசியில் விற்றார்கள். 2017-18-இல் அவர் லிவர்பூலுக்காக லீக்கில் 32 கோல் அடித்தார். அதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

மாட்டிச்சை வாங்கியது சரி. பொறுமை இல்லாமல் இளைஞர்களை அனுப்பியது தப்பு. செல்சி விற்ற இன்னொரு வீரர் ஹுவான் மாட்டாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நாளை தனியாக எழுதுகிறேன்.