கீமோதெரபி நாட்களில் குழந்தைக்கான உணவு: அனுபவமுள்ள பெற்றோரின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். என் ஆறு வயது மகளுக்கு அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா என்னும் இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்து வருகிறது. தொடக்கத்தில் ஸ்டீராய்டு மாத்திரையின் விளைவாக நள்ளிரவிலும் எழுந்து சோறு கேட்டவள், அது நிறுத்தப்பட்டு மெத்தோட்ரெக்சேட் என்னும் கீமோ மருந்து தொடங்கிய பின், வாய்ப்புண்ணால் இரண்டு கரண்டி கஞ்சிக்கே அழுகிறாள். மூன்று வாரத்தில் எடை 18 கிலோவிலிருந்து 16.5 கிலோவாகக் குறைந்துவிட்டது.

வெள்ளையணுக்கள் குறைந்து எளிதில் தொற்று வரலாம் என்பதால் சமைக்காத காய்கறி, அரைவேக்காட்டு முட்டை, கடைப் பண்டங்கள் ஆகியவற்றைத் தவிர்த்து, ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக, நன்கு வேகவைத்துக் கொடுக்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். ஆனால் சூடாகக் கொடுத்தால் புண் எரிகிறது. ரசத்தின் புளிப்பும் ஆகவில்லை. குழைந்த பருப்பு சாதத்தில் நெய் சேர்த்துத் தருவது மட்டுமே ஓரளவு இறங்குகிறது. வின்கிரிஸ்டின் என்னும் கீமோ ஊசி போட்ட வாரங்களில் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது.

இந்த நிலையைக் கடந்த பெற்றோர், சிறிதளவிலேயே அதிகக் கலோரியும் புரதமும் கிடைக்க எவற்றைச் சமைத்தீர்கள், நாளுக்கு எத்தனை வேளையாகப் பிரித்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். தேவைப்பட்டால் மூக்குவழிக் குழாயில் உணவூட்டலாம் என்று மருத்துவர் கூறியிருப்பதால், உங்கள் குழந்தை அதை எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதையும் அறிய விரும்புகிறேன். பப்பாளி இலைச் சாறு முதலானவற்றை உறவினர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பரிந்துரைத்துவிட்டார்கள், அவை வேண்டாம். வரும் திங்கட்கிழமை உணவியல் நிபுணரைச் சந்திக்கிறோம். உங்கள் பதில்களை அவரிடம் காட்டிக் கேட்ட பிறகே எதையும் கொடுப்போம்.