நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஏறிய நீர் எடை 6 நாளாகியும் இறங்கவில்லை

வணக்கம். ஆண், வயது 38, திருகோணமலை. போன ஞாயிறு விடிய 4.30க்குத் தொடங்கி நிலாவெளி வீதியில் 32 கி.மீ. ஓடினேன். ஓட முன் 68.2 கிலோ, முடித்ததும் 66.5. செவ்வாய் காலை 70.3! இன்று சனி, இன்னும் 69.9. எல்லாம் ஒரே தராசு.

ஒரு கிராம் கிளைகோஜனோடு (தசை சேமித்து வைக்கும் மாச்சத்து) சுமார் 3 கிராம் தண்ணீர் தசையில் தங்கும், நொந்த தசையிலும் நீர் கோர்க்கும். அது வழக்கம்தான், நாலாம் நாள் இறங்கிவிடும். இந்த முறை சொக்ஸ் பட்டியின் தடம் இரண்டு கணுக்காலிலும் மணிக்கணக்கில் மாறாமல் கிடக்கு. விரலால் அழுத்தினால் சின்னக் குழி விழுந்து மெதுவாகத்தான் நிரம்புது.

கச்சான் காற்றின் வெக்கையில் ஓடும்போது குடித்தது இரண்டரை லீற்றர் தண்ணீர், ஒரு லீற்றர் ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல்). ஞாயிறும் திங்களும் ஐபுபுரோஃபன் 400 மி.கி. இரு வேளை, அது சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கும் என்பதால் செவ்வாயே விட்டாச்சு. கருவாடு, அப்பளம், ஊறுகாய் நிறுத்தம். இரவில் கால் தலையணைமேல், தினமும் 30 நிமிட நடை. தண்ணீரைக் குறைக்கவில்லை.

தலையிடி, சத்தி, மூச்சு முட்டு இல்லை. சலம் வெளிர் மஞ்சள், தேநீர் நிறமில்லை. பிரஷர் 124/78.

இன்னும் நாலு நாள் பொறுக்கலாமா, அல்லது திங்களே கிரியாட்டினின் (சிறுநீரகம் பார்க்க), சி.கே. (தசைச் சிதைவு பார்க்க), சலப் புரதம் மூன்றையும் சோதிக்க வேண்டுமா?