துபாய் கோல்டன் விசா வாங்கினால் ஏலத்தோட்டக் குடும்பம் வரி எங்கே கட்ட வேண்டும்?

கேள்வி: கம்பம் ஏலத்தோட்டக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கம்பத்தில் இருக்கிறது. தோட்டம் கம்பம்மெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கத்தில், வண்டன்மேட்டை ஒட்டி இருக்கிறது. சொந்த ஏலக்காயை எங்கள் ஸ்டோரிலேயே, அதாவது தீ மூட்டிக் காய் உலர்த்தும் கூடத்திலேயே, உலர்த்திப் புத்தடி, போடி ஆகிய ஊர்களில் ஏலம் விடும் மையங்களில் விற்கிறோம். அதோடு அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் காய் வாங்கி விற்கும் வியாபாரமும் உண்டு. அதில் செலவு போக ஆண்டுக்குச் சுமார் ஒன்பது லட்சம் ரூபாய் நிற்கும்.

துபாயில் 20 லட்சம் திர்ஹாம் மதிப்புள்ள குடியிருப்பு வாங்கினால் பத்தாண்டு கோல்டன் விசா கிடைக்கும் என்பதால், நானும் மனைவியும் அம்மாவும் பணம் சேர்த்து ஒன்று வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். விசா ஏற்பாடு செய்து தரும் முகவர் ஒருவர், எமிரேட்ஸ் அடையாள அட்டை கைக்கு வந்த நாளிலிருந்து நான் என்ஆர்ஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர், ஆகிவிடுவேன் என்றும், குடியிருப்பின் வாடகைக்கு அங்கேயும் வரி இல்லை, இங்கேயும் வரி இல்லை என்றும் உறுதியாகச் சொல்கிறார். அவர் சொல்வது சட்டப்படி சரிதானா? சரியென்றால் தோட்ட வருமானத்தின் நிலை என்ன? அறுவடைக் காலம் முழுவதும் நான் மலையில்தான் இருப்பேன் என்பதையும் கணக்கில் கொண்டு, விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: தேனி ஆடிட்டர்

ஐயா, முகவர் சொன்னது சரியல்ல. விசா என்பது ஒரு நாட்டில் தங்குவதற்கான அனுமதி மட்டுமே. வரிக்கு நீங்கள் எந்த நாட்டில் வசிப்பவர் என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஆண்டில் நீங்கள் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதைத்தான் நம் வருமான வரிச் சட்டம் முதலில் பார்க்கிறது. 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் அந்த ஆண்டுக்கு நீங்கள் இங்கே வசிப்பவர். அதற்குக் குறைவாக இருந்தாலும், அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்திருந்தால் அப்போதும் வசிப்பவரே. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் ஊருக்கு வந்து போகும்போது அந்த 60 என்பது 182 ஆகிறது. ஆனால் 2020-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக அவருடைய மொத்த வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 120 நாள் என்றே கொள்ள வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த நாள் கணக்கின் அடிப்படை அப்படியே தொடர்கிறது.

இந்த 15 லட்சத்தைப் பற்றி ஏலத்தோட்டக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. உங்கள் சொந்தக் காயை உலர்த்தி விற்பதில் வருவது விவசாய வருமானம். அதற்கு மத்திய வருமான வரியில் விலக்கு இருப்பதால் அது மொத்த வருமானத்துக்குள் வராது. மற்ற வருமானத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று பார்ப்பதற்கு மட்டும் அதைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பிறரிடம் வாங்கி விற்ற காயின் இலாபமோ வியாபார வருமானம். அது முழுவதும் மொத்த வருமானத்தில் சேரும். உங்களுக்கு அது ஒன்பது லட்சம் என்பதால், வட்டி, வாடகை போன்ற வேறு பெரிய வருமானம் இல்லாதவரை 15 லட்சத்துக்குள்தான் நிற்பீர்கள். ஆகவே, 15 லட்சத்தைத் தாண்டும் இந்தியக் குடிமகன் வேறு எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவராக இருந்தால், ஒரு நாள்கூட இங்கே இராவிட்டாலும் இங்கே வசிப்பவராகவே கருதப்படுவார் என்று 2020-இல் வந்த விதியும் உங்களைத் தொடாது. தனிநபர் வருமான வரியே இல்லாத அமீரகத்துக்குப் போகும் பெரிய வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விதி அது. அவர்களுக்கும் எல்லா வெளிநாட்டு வருமானத்தின் மீதும் இங்கே வரி வந்துவிடாது. இங்கிருந்து நிர்வகிக்கப்படும் தொழிலில் வெளிநாட்டில் கிடைக்கும் வருமானம்தான் இங்கே வரிக்கு வரும்.

உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்வது அறுவடைக் காலம்தான். ஆகஸ்டில் தொடங்கும் காய் பறிப்பு பிப்ரவரி வரை நீள்கிறது. ஒவ்வொரு சுற்றுப் பறிப்புக்கும், ஸ்டோரில் தீ மூட்டும் இரவுகளுக்கும், ஏல நாளுக்கும் நீங்கள் நேரில் நிற்பவராக இருந்தால் அந்த ஏழு மாதமே 182 நாளைத் தாண்டிவிடும். பிறகு கோல்டன் விசா கையில் இருந்தாலும் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர்தான். உங்கள் உலகளாவிய வருமானத்துக்கு இங்கேதான் கணக்குக் காட்ட வேண்டும். ஒப்பந்தப்படி நீங்கள் அமீரகத்தில் வசிப்பவர் ஆகவும் மாட்டீர்கள். இந்திய, அமீரக இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம், ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாளாவது அங்கே இருந்த தனிநபரைத்தான் அந்நாட்டில் வசிப்பவர் என்கிறது. அவர்களுடைய உள்நாட்டுச் சட்டம் 2023 மார்ச் முதல், வசிப்பு அனுமதியும் நிரந்தர வீடும் உள்ளவருக்கு 90 நாள் போதும் என்று தளர்த்தியிருந்தாலும், ஒப்பந்தத்தின் பலனைக் கேட்கும்போது 183 நாள்தான் செல்லுபடியாகும்.

ஆகவே துபாய் வாடகைக்கு இங்கே வரி உண்டு. உள்ளூர் வீட்டு வாடகைக்குப் போலவே 30 சதவீதம் கழித்து மீதிக்கு உங்கள் விகிதத்தில் வரி கட்ட வேண்டும். அங்கே வாடகைக்கு வருமான வரி கட்டாததால் இங்கே கழித்துக்கொள்வதற்கும் எதுவும் இருக்காது.

பதில்: வண்டிப்பெரியாரில் இருந்து

அமெரிக்காவை நினைத்து இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அங்கே கதை தலைகீழ். என் தம்பி இபி-5 முதலீட்டு விசா வழியாக, அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் பச்சை அட்டை பெற்றவர். 2022 மார்ச்சில் வந்த திருத்தச் சட்டத்தின்படி அதற்குக் கிராமப்புறம், வேலைவாய்ப்புக் குறைந்த பகுதி போன்ற இடங்களில் 8 லட்சம் டாலரும், மற்ற இடங்களில் 10.5 லட்சம் டாலரும் முதலீடு செய்ய வேண்டும். அமீரகத்தைப் போல் அல்லாமல் அங்கே அட்டையே வரியைக் கொண்டுவந்துவிடுகிறது. பச்சை அட்டை வைத்திருப்பவர் எத்தனை நாள் எங்கே இருந்தாலும் அமெரிக்க வரிச் சட்டத்துக்கு அங்கே வசிப்பவர்தான். உலகில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்டியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தைக் கவலையில் ஆழ்த்தியது தோட்ட வருமானம்தான். இங்கே விவசாய வருமானத்துக்கு மத்திய வரி இல்லை. ஆனால் அந்த விலக்கு அமெரிக்கச் சட்டத்தில் கிடையாது. இங்கே வருமான வரி கட்டியிருந்தால் அதை அங்கே கழித்துக்கொள்ளலாம். இங்கே கட்டாததால், தம்பியின் பங்குக்கு வரும் ஏலக்காய்ப் பணத்துக்கு அங்கே முழு வரி விழுகிறது. விலக்கு இருக்கிறதே என்று நம்மில் பலர் உரம், மருந்து, கூலி, ஜீப் வாடகை ஆகியவற்றுக்கு ஒழுங்கான கணக்கு வைப்பதில்லை. அந்தச் செலவுகளைக் கழித்தால்தான் அங்கே நிகர இலாபத்துக்கு மட்டும் வரி கட்ட முடியும் என்பதால், கங்காணி கொடுக்கும் கூலிச் சீட்டு முதற்கொண்டு எல்லாவற்றையும் இப்போது பாதுகாக்கிறோம். அவர்களுடைய ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிவதால் ஒரே பருவத்துக் காய் இரண்டு ஆண்டுக் கணக்குகளில் பிரிந்து போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்திய வங்கிக் கணக்குகளில் உள்ள தொகை எல்லாம் சேர்ந்து ஆண்டின் ஏதாவது ஒரு நாளில் 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் தனியாகக் கொடுக்க வேண்டும். நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்கச் சட்டம் கடுமையாக நடத்துகிறது. அட்டை வாங்குவதற்கு முன்பே அவற்றை என்ன செய்வது என்று ஆலோசனை கேட்பது நல்லது. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பதும் எளிதன்று: கடைசி 15 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் பச்சை அட்டை வைத்திருந்து பிறகு விட்டால், சொத்து அல்லது வரி ஒரு வரம்பைத் தாண்டியவர்களுக்கு வெளியேறும் வரி உண்டு.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மகன் இப்போது பெங்களூரில் படிக்கிறான். இரண்டு ஆண்டுக்குப் பிறகு தோட்டத்தை அவன் பார்த்துக்கொள்ள, நானும் மனைவியும் உண்மையாகவே துபாய்க்குக் குடிபோனால் என்ன ஆகும் என்பதையும், பணத்தை அனுப்பும்போது வரி ஏதும் பிடிப்பார்களா என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியுமா?

பதில்: சித்தூர், பாலக்காடு

நான் பத்தாண்டாக துபாயிலும் சித்தூரிலுமாக இருந்து வருகிறேன். ஐயா கேட்டதில் வங்கி, நிலம் தொடர்பான பகுதிக்கு மட்டும் சொல்கிறேன். அந்நியச் செலாவணிச் சட்டமும் வருமான வரிச் சட்டமும் வெவ்வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன. வேலைக்காகவோ தொழிலுக்காகவோ, திரும்பும் காலம் உறுதியாகாத தங்கலுக்காகவோ நாட்டை விட்டுக் கிளம்பினால், செலாவணிச் சட்டத்துக்கு நீங்கள் அன்றே வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். உடனே இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். இருக்கும் ஏலத்தோட்டத்தை விற்க வேண்டியதில்லை. இங்கே வசித்தபோது வாங்கியதையும் வாரிசாக வந்ததையும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன்பின் புதிதாக ஓர் ஏக்கர்கூட விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. விற்பதானாலும் இங்கே வசிக்கும் ஒருவருக்குத்தான் விற்க முடியும். பக்கத்துத் தோட்டம் விலைக்கு வரும் என்று காத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே இதை யோசித்துவிட வேண்டும்.

இங்கே வசிப்பவராக நீடிக்கும் ஆண்டுகளில் துபாய் வீட்டையும் வங்கிக் கணக்கையும் வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும். 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின்படி, காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். 2024 அக்டோபர் முதல் 20 லட்சம் ரூபாய்க்குள்ளான சிறு சொத்துகளுக்கு இந்த அபராதத்தில் தளர்வு கொடுத்திருந்தாலும், வீடு, மனை ஆகியவற்றுக்கு அது பொருந்தாது. வாடகையே வராத பூட்டிய வீடானாலும் காட்ட வேண்டும். அமீரக வங்கிகள் வைத்திருக்கும் கணக்கு விவரங்கள் நாடுகளுக்கிடையிலான தானியங்கித் தகவல் பரிமாற்றத்தில் இந்திய வருமான வரித் துறைக்கு வந்துசேர்கின்றன. ஆகையால் அங்கே கணக்குத் தொடங்கும்போது வரிக்காக எங்கே வசிப்பவர் என்று கேட்கும் படிவத்தில், விசாவைக் காட்டி அமீரகம் என்று எழுதிவிடாமல் உண்மையை எழுதுங்கள்.

பதில்: தேனி ஆடிட்டர்

சித்தூர் சகோதரி சொன்னவை அனைத்தும் சரி. குடிபோகும் ஆண்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். நம் சட்டத்தில் ஓர் ஆண்டை இரண்டாகப் பிரித்து, பாதி ஆண்டு வசிப்பவர், பாதி ஆண்டு என்ஆர்ஐ என்று கொள்ளும் வழி கிடையாது. வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்புபவருக்கு அந்த ஆண்டில் 60 நாளுக்குப் பதிலாக 182 நாள் நிறையும்வரை அவகாசம் உண்டு. சொந்தத் தொழில் தொடங்கப் போவதும் இதில் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வீடு வாங்கி விசா பெற்றுச் சும்மா தங்கப் போகிறவருக்கு இந்தச் சலுகை கிடைப்பது சந்தேகம். அவர் ஏப்ரல், மே மாதங்களிலேயே 60 நாள் நிறைவதற்குள் கிளம்பினால்தான் அந்த ஆண்டிலேயே என்ஆர்ஐ ஆக முடியும். ஜூலையில் விமானம் ஏறினால் அடுத்த மார்ச் வரை வரும் துபாய் வருமானமும் இங்கே வரிக்கு வரும். என்ஆர்ஐ ஆன பிறகும் தோட்டத்தின் விவசாய வருமானத்துக்கு விலக்குத் தொடரும். காய் வியாபார இலாபத்துக்கு இங்கேயே வரி கட்ட வேண்டும்.

பணம் அனுப்புவதில்தான் உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான நெருக்கடி. ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் அனுப்பலாம். 20 லட்சம் திர்ஹாம் என்பது ஏறக்குறைய 5,45,000 டாலர். இருவர் சேர்ந்தாலும் ஓர் ஆண்டுக்குள் போதாது. மூவர் அனுப்ப வேண்டும், அல்லது மார்ச்சில் ஒரு பகுதியும் ஏப்ரலில் மறு பகுதியுமாக இரண்டு நிதியாண்டில் அனுப்ப வேண்டும். நெருங்கிய உறவினர்கள் இப்படித் தொகையைச் சேர்ப்பதற்கு விதியில் இடமுண்டு.

ஒவ்வொருவரும் அனுப்பும் தொகையில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 20 சதவீதத்தை டிசிஎஸ் ஆக, அதாவது பணம் அனுப்பும்போதே முன்கூட்டி வசூலிக்கும் வரியாக, வங்கி கூடுதலாக வசூலிக்கும். ஒருவர் ஒன்றரைக் கோடி அனுப்பினால் அதற்கு மேல் 28 லட்சம் கட்ட வேண்டும். இது கூடுதல் வரி அன்று. அவருடைய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பக் கிடைக்கும். ஆனால் வருமானத்தில் பெரும்பகுதி விவசாயமாக இருப்பவருக்குக் கழித்துக்கொள்ள வேறு வரி அதிகம் இருக்காது. ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வரும்வரை அந்தத் தொகை முடங்கிக் கிடக்கும். அதை அடுத்த பருவத்து உரச் செலவுக்கும் கூலிக்கும் வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன்.

மனைவியின் பங்கு அவருடைய சொந்தப் பணமா, நீங்கள் கொடுத்ததா என்பதையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்த பணமென்றால், நீங்கள் இங்கே வசிப்பவராக இருக்கும்வரை அந்தப் பங்கின் வாடகையும் உங்கள் வருமானத்தில்தான் சேரும். அம்மாவின் பங்குக்கு அந்த விதி இல்லை. மூவருடைய பணத்துக்கும் மூலம் காட்ட ஏல மையத்தின் விற்பனைச் சீட்டுகள், தோட்டப் பதிவுச் சான்று, நிலவரி ரசீது ஆகியவற்றை, யார் பெயரில் எந்த நிலம் என்று பிரித்து, வங்கிக்குப் போகும் முன்பே அடுக்கி வையுங்கள்.