ஃபுளோரன்ஸ், சியெனா, வெனிஸ்: தேனிலவுக்கு ஆறு நாள் போதுமா?

கேள்வி: அக்டோபரில் ஃபுளோரன்ஸ் 3 இரவு, வெனிஸ் 3 இரவு, நடுவில் ஒரு பகல் சியெனா. கார் எடுக்கலாமா, ரயிலே போதுமா? எதை முன்பதிவு செய்யணும்?

பதில் 1: கார் வேண்டாங்க. ஃபுளோரன்ஸ் பழைய நகருக்குள் அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா நம்பரைப் பிடித்துவிடும். அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். முதலில் பதிவு செய்ய வேண்டியது பேராலயக் குவிமாடம். 463 படி, லிஃப்ட் கிடையாது. கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி அதை ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடாகக் கட்டினார். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் ஏறணும். மேலே போகப் போகச் சுவர் வளைந்து தலைமேல் சாயும். இடுக்கு பயம் இருந்தால் பக்கத்து மணிக்கோபுரம் ஏறுங்கள்: 414 படி, நடுநடுவே நின்று மூச்சு வாங்கத் தளம் உண்டு. குவிமாடம் முழுசாகத் தெரிவதும் அங்கிருந்துதான். உஃபீசி, அக்காடெமியா என்ற இரண்டு கலைக்கூடங்களுக்கும் திங்கள் விடுமுறை.

பதில் 2: சியெனாவுக்கு பஸ்தான் நல்லது. ரயில் நிலையம் மலையடியில். பஸ் பழைய நகர் ஓரத்திலேயே இறக்கிவிடும். வெயில் தாழ்ந்ததும் காம்போ சதுக்கத்துச் செங்கல் தரையில் இருவரும் உட்காருங்கள். கிளிஞ்சல் மாதிரி சரிந்த தரை, 9 பிரிவு.

பதில் 3: வெனிஸில் சான்டா லூச்சியா நிலையத்தில் இறங்குங்கள். மெஸ்த்ரே நிலையத்தில் வேண்டாம், அது கரைப்பக்கம். பாலங்களில் பெரும்பாலும் படிக்கட்டு, அதனால் சின்னப் பெட்டி போதும். கொண்டோலா கட்டணம் படகுக்கு, ஆளுக்கல்ல. எத்தனை நிமிடம் என்று ஏறுமுன் கேட்டுவிடுங்கள்.